நெடுந்தீவின் தென்வானில் மகெல்லன் முகில்

யாழ்ப்பாணத் தீவகத்தின் தென்மேற்கு எல்லையிலுள்ள நெடுந்தீவு ஏறத்தாழ 9.5 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால், வானத்தின் தென்முனைக்கு அண்மையிலுள்ள பெரிய மகெல்லன் முகில் அங்கே தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 11 பாகை வரையே எழுகிறது. கையை முழுதாக நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் மறையும் உயரம் அது. பெயரில் முகில் இருந்தாலும், அது சூரியன் உறையும் பால்வீதிக்கு அண்டையில், ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில், பல நூறு கோடி விண்மீன்களைக் கொண்ட தனி மண்டலமாகும்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணத்தில் நெடுந்தீவை அடையும் பயணிகளுள் பெரும்பாலோர் பெருக்கு மரத்தையும் பவளக்கல் மதில்களையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் கண்டு அன்றே திரும்பிவிடுகின்றனர். விண்படம் எடுப்போருக்கோ தங்கும் இரவே பயணத்தின் பொருள். ஊர்காவற்றுறையின் கிழக்கு வானை யாழ்நகரின் வெளிச்சமும், நயினாதீவின் கரையைக் கோயில், விகாரை விளக்குகளும் வெளிறச் செய்ய, நெடுந்தீவின் தென்கரைக்கு முன்னால் கடல் மட்டுமே உள்ளது. அக்கடலிலும் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் எப்பொழுது தோன்றும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

பருவமும் எளிதில் இடங்கொடுப்பதில்லை. மார்கழித் தொடக்கத்தில் நள்ளிரவையொட்டி உச்சம் தொடும் இம்முகிலை வாடைக்கால மழைமேகம் மறைத்துவிடுகிறது. வானம் தெளியும் தை நடுப்பகுதியில் அது இரவு 9 மணியளவிலும், மாசி நடுப்பகுதியில் அந்தி மறையும் முன்பேயும் உச்சத்தைக் கடந்துவிடுகிறது. நிலவில்லாத தை இரவுகளே எஞ்சுகின்றன. அவ்விரவுகளிலும் பனி வில்லையின்மேல் படியாதவாறு மெல்லிய வெப்பப்பட்டி சுற்ற வேண்டும்.

முகில் இருக்குமிடத்தை அறிய, அகத்தியர் விண்மீன் எனப்படும் கனோபசிலிருந்து கீழே சற்று வலப்புறமாக 18 பாகை இறங்கினால் போதும். அவ்வளவு தாழ்விலிருந்து வரும் ஒளி, தலைக்கு நேர்மேலிருந்து வரும் ஒளியைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு காற்றைக் கடப்பதால் அதன் நீலம் சிதறிப் பழுப்பே மிகுகிறது. எனினும் முனைக்கு அண்மையிலுள்ள விண்மீன்கள் வான நடுக்கோட்டு விண்மீன்களின் மூன்றிலொரு பங்கு வேகத்திலேயே நகர்வதால், வானச் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கி இல்லாதவரும் 50 மில்லிமீட்டர் வில்லையைக் கொண்டு சற்று நீண்ட ஒளிபதிவுகளை எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரைச்சலைக் குறைக்க முடிகிறது. அப்படத்தைச் சிலி நாட்டு உயர்மலைப் படம்போல் நீலமாக்கித் திருத்துவது வீண்வேலை. கடற்காற்றின் பழுப்பே அது நெடுந்தீவுப் படம் என்பதற்குச் சான்று.

தாழ்ந்த உயரம் அறிவியலுக்குத் தடையாக இருந்ததுமில்லை. 1987 பிப்ரவரியில் இம்முகிலில் வெடித்த 1987ஏ மீயொளிர் விண்மீனின் நிறமாலையை, அதாவது நிறவாரியாகப் பிரித்த ஒளியை, இன்னும் வடக்கே 12.6 பாகையிலுள்ள காவலூர் ஆய்வகத்தினர் பதிவுசெய்தனர். (ஊர்காவற்றுறையைக் காவலூர் என வழங்குவோர் உண்டாதலால், இது தமிழ்நாட்டின் சவ்வாது மலைக் காவலூர் எனத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது.)

சின்ன மகெல்லன் முகில் இதனினும் கடினமானது. பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகடுகளில் அதன் துடிக்கும் விண்மீன்களை அமெரிக்காவிலிருந்தவாறே ஆராய்ந்த ஹென்ரியேட்டா லெவிட், துடிப்புக் காலத்துக்கும் ஒளிர்வுக்குமுள்ள தொடர்பை 1912இல் வெளியிட்டார். மண்டலங்களின் தொலைவை அளக்க அதுவே வழிவகுத்தது. நெடுந்தீவில் அம்முகில் 8 பாகையைக்கூட எட்டுவதில்லை. மாலையில் அது உச்சமடையும் கார்த்திகை மழைக்குரியது என்பதால், புரட்டாசித் தொடக்கத்தில் நள்ளிரவு கழிந்து ஒரு மணியளவில் கரையில் காத்திருக்க வேண்டும்.