இரண்டு மில்லிமீட்டர்

மந்தாரக்குப்பத்தில் நம் வீட்டு மாடியறையில் மகன் எலக்ட்ரிக் கிதார் பயில்கிறான். ஓசை மங்கலாயிருக்கிறதே என்று, அவன் இல்லாத வேளையில் பிக்கப்பின் திருகாணிகளைத் திருகி, கம்பிகளுக்கு வெகு அருகில் உயர்த்திவைத்தோம். தமிழாசிரியருக்கு வேண்டாத வேலை. ஓசை பெருத்தது, ஆனால் சுருதி தள்ளாடியது, நாதம் சட்டென அறுந்தது.

"பிக்கப்புல இருக்கறது காந்தம்ப்பா. ரொம்பக் கிட்ட வந்தா கம்பியை அதிர விடாம இழுக்கும்" என்றான். கடைசி மெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டான். தடித்த கம்பிகளின் பக்கம் இன்னும் சற்றுத் தாழ்த்தினான். கார்வை திரும்பியது. ஓசை விரைவில் அடங்கிவிடும் மாண்டலினில் உ. ஸ்ரீநிவாஸ் நீண்ட கமகங்களை எழுப்பியதும் பிக்கப்பின் துணையோடுதான்.

பொறியியல்தான் படிக்க வேண்டுமென்று அவனை நாம் நெருக்கிக்கொண்டிருந்த மாதம் அது. அன்றிரவு அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கீழே இறங்கி, படிக்கட்டில் அமர்ந்து, அவன் வாசிப்பதைக் கேட்டோம்.