அம்மாவின் காய் வெட்டும் பலகையும் குல்மார்க் பனியும்

என் ஷூ சைஸ் 11. சென்னையில் இதனால் வந்த ஒரே தொல்லை, செருப்புக் கடையில் "அந்த சைஸ் இல்ல சார்" என்று கேட்பதுதான். குல்மார்க்கில் அதுவே என்னைக் குப்புறத் தள்ளியது.

ஸ்னோபோர்டு என்பது ஒரே பலகை. அதில் 'பைண்டிங்' எனும் பிடிகளில் இரண்டு கால்களையும் குறுக்குவாட்டில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்க வேண்டும். திரும்பும்போது பலகையை ஒரு பக்கமாகச் சாய்ப்போம். அப்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூட்ஸ் நுனி பனியில் உரசினால், பலகை விளிம்பின் பிடி விட்டுப்போகும். போன வருடம் அப்படித்தான் விழுந்தேன். மணிக்கட்டில் மூன்று வாரம் கட்டு.

அகலமான பலகை வாங்கலாம். என் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது. இன்னொரு வழி, பைண்டிங்குக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ஸ்பேசர் வைத்துக் காலை உயர்த்துவது. நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

எதில் செய்வது? பிளைவுட்டோடு அம்பத்தூரில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன்.

"வேணாம் தம்பி. ஈரம் குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். ஸ்க்ரூ நிக்காது."

"ரப்பர்ண்ணே?"

"அமுங்கும். அதுவும் லூஸாயிடும்."

ரப்பர் என்றதும் சேலஞ்சர் விண்கலம் ஞாபகம் வந்தது. 1986-ல் அது வெடித்துச் சிதற முக்கியக் காரணம், குளிரில் நெகிழ்ச்சி இழந்த ரப்பர் வளையம். இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மேன் ஐஸ் தண்ணீரில் அந்த ரப்பரை முக்கியே அதைக் காட்டினார். நம் வீட்டில் ஃப்ரீசர் இருக்கிறதே!

நேம்போர்டு கடையில் வாங்கிய அக்ரிலிக் துண்டில் துளை போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் ஸ்க்ரூவை இறுக்கியதும் துளையைச் சுற்றி 'படக்'கென விரிசல். கையில் அவ்வளவு உறுதியாக இருந்த பொருள்! அது மலைச்சரிவில் என் காலடியில் உடைந்திருந்தால்?

அடுத்து அம்மாவின் வெள்ளை பிளாஸ்டிக் காய் வெட்டும் பலகை. ஹெச்.டி.பி.இ. ரகம். தண்ணீர் குடிக்காது, குளிரில் எளிதில் நொறுங்காது. அதே சோதனையில் சுத்தியலால் தட்டியும் விரிசல் இல்லை.

10 மி.மீ. ஸ்பேசர் என்பதால், 16 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பதில் 26 மி.மீ. தேவைப்பட்டது. குட்டையாக இருந்தால் மரை சரியாகப் பிடிக்காமல் பிய்ந்து வரும். நீளமாகப் போனால் பலகையின் அடிப்பக்கத்தைக் குத்தும்.

இந்த ஜனவரியில் மறுபடி குல்மார்க். முதல் சறுக்கல் முடிந்ததும் ஸ்க்ரூக்களைத் திரும்ப இறுக்கினேன். அழுத்தத்தில் இந்த பிளாஸ்டிக்கும் கொஞ்சம் படியும். அதன்பின் பூட்ஸ் உரசவே இல்லை.

ராத்திரி அம்மா போன் செய்தார். "விழுந்தியாடா?"

"ரெண்டு தடவை. ஆனா, பலகை மேல தப்பில்லம்மா."

"சரி, எனக்குப் புதுப் பலகை வாங்கிட்டு வா. காய் இன்னும் தட்டுலதான் நறுக்குறேன்!"