தண்டலத்திலிருந்து திருமுக்கூடல் வரை

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தண்டலம் என்றால் ஒரு பெரிய மருத்துவமனை, கல்லூரி வளாகங்கள், விடியும் முன்பே வரிசைகட்டி நிற்கும் கம்பெனி பஸ்கள். இந்தப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. 1990களின் கடைசியில் அங்கே ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை வந்தது. அதற்குப் பின் ஒரகடம், வல்லம் வடகால் என்று கம்பெனிகள் பரவ, ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த கிராமங்களில் வாடகை ரூம்கள் முளைத்தன.

அந்த ரூம்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கி, எழுந்ததும் செல்போனைப் பார்த்து, மறுபடியும் பஸ் ஏறுகிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் பிறந்த ஊரைத்தான் சொல்வார்கள். நான்கு வருடம் இருந்தாலும் தண்டலம் அவர்கள் வாயில் வராது. சம்பளமும் கேன்டீன் சாப்பாடும் இருக்கிறது, ஊர் இல்லை. இது உடம்பையும் பாதிக்கிற விஷயம். தனிமையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, உலகச் சுகாதார நிறுவனமே 2023 நவம்பரில் சமூகத் தொடர்புக்கென ஓர் ஆணையத்தை அமைத்தது.

பழைய இடங்களோடு பழகுவது இதற்கு உதவும் என்பதை இங்கிலாந்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். மனநலச் சிக்கலோடு வாழ்பவர்களைச் சிறு குழுக்களாக ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைச் சுற்றி நடக்க வைத்து, அந்த நிலத்தின் கதையைச் சொல்லி, கூடிப் பாடவும் வைத்த திட்டம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. போர்ன்மத் பல்கலைக்கழகம் அதைக் கூடவே இருந்து ஆராய்ந்தது. மாத்திரைக்குப் பதில் கல்லைப் பார் என்று யாரும் சொல்லவில்லை. நடை, கூட்டு, கால் வைத்திருக்கும் மண்ணைப் பற்றிய அறிவு ஆகிய மூன்றும் சேரும்போது மனசு கொஞ்சம் இலகுவாகிறது, அவ்வளவுதான். தண்டலத்தில் இருப்பவர்களுக்கு அதற்காக ஸ்டோன்ஹெஞ்ச் தேவையில்லை.

ஒரகடம், வாலாஜாபாத் வழியாகப் போனால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உண்டு. 1068ஐ ஒட்டிய காலத்தது. அதில் இருப்பது ஒரு மருத்துவமனையின் முழு வரவுசெலவு! வீரசோழன் என்று அதற்குப் பெயர். நோயாளிகளுக்கு 15 படுக்கைகள். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் சம்பளம். அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், ஒரு நாவிதர். வருடம் முழுக்கக் கையிருப்பில் வைக்க வேண்டிய தைலம், கிருதம், லேகிய வகைகளின் பெயர்களும் இருக்கின்றன. படுத்திருப்பவருக்கு அன்றாடம் அரிசி. இரவில் எரிய ஒரு விளக்குக்கு எண்ணெய்.

அந்த விளக்கெண்ணெய்க் கணக்குக்காகவே ஒருமுறை அங்கே போய் வரலாம். நோயாளி இருட்டில் கிடக்கக் கூடாது என்று நினைத்து, அதற்கும் கணக்கெழுதிக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதே கல்வெட்டில் கோயிலை ஒட்டிய விடுதி மாணவர்களுக்குச் சாப்பாடும், சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெயும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமும் படிப்பும் பூசையும் ஒரே வளாகத்தில் நடந்தன. இது கோயிலையும் பள்ளியையும் சேர்ந்தவர்களுக்கான ஏற்பாடு, எல்லோருக்கும் திறந்த மருத்துவமனை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே மன்னனின் இன்னொரு கல்வெட்டு மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த மணிமங்கலம்தான் இது. ஏரியும் வயலுமாக நடக்க நல்ல ஊர்.

திருப்பெரும்புதூர் இன்னும் பக்கம். மரபுக் கணக்குப்படி 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர்; சித்திரைத் திருவாதிரைக்கு ஊரே நிறைந்துவிடும். ஷிப்ட் மாற்றிக்கொண்டு போய் அந்தக் கூட்டத்தில் நின்ற பையனுக்கு, அதற்குப் பிறகு அது கம்பெனி இருக்கும் இடம் மட்டுமல்ல.

ஒடிசாப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அந்நியம் என்று நினைக்கக் கூடாது. பூரியில் இருந்த எமார் மடத்தை ராமானுஜரோடு சேர்த்துச் சொல்வது அவர்கள் ஊர் வழக்கம். தண்டலத்துக்குச் சற்று முன்னால் இதே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் திருமழிசையில், திருமழிசையாழ்வார் பிறந்த ஊரில், கோயில் கொண்டிருப்பவர் ஜகந்நாதப் பெருமாள். அந்த ரூம்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்?

தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. அதைப் போல இந்த வட்டாரத்துக்கென்று ஒரு பாதையைக் கம்பெனிகளும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வகுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் நிற்கும் பஸ்களில் ஒன்று, கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர், இந்தியில் எடுத்துச் சொல்ல ஒரு மாணவர் போதும். முதல் பயணம் திருமுக்கூடலுக்கு இருக்கட்டும். அந்த மருந்துப் பட்டியலை மருத்துவ மாணவர்களே படித்துக் காட்டட்டும்.