அலைகரை

வன்னியில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னாலே அங்கே தண்ணீர் எவ்வாறு நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அக்கராயன்குளம், வவுனிக்குளம், கனகராயன்குளம், பாவற்குளம் என்று ஒரு வரிசை. முத்தையன்கட்டு என்னும்போது மண் சுமந்து எழுப்பிய கட்டு கண்முன் வருகிறது. இரணைமடு என்றால் இரட்டையாய்க் கிடந்த மடுக்கள். தண்ணிமுறிப்பு என்ற பெயரில் கட்டை முறித்துக்கொண்டு பாய்ந்த வெள்ளத்தின் ஓசை இன்னும் கேட்கிறது. காரணப் பெயருக்கு உதாரணம் தேடி வன்னி ஆசிரியன் நூல்களைப் புரட்டவேண்டியதில்லை. பேருந்தின் நெற்றிப் பலகையைப் பார்த்தால் போதும்.

அப்படியொரு பாடத்தின் நடுவிலேதான் பத்தாந்தர மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், எங்கட அம்மம்மா ஒரு குளத்தின்ர பேர் சொல்லுறவ. இப்ப பேர் மட்டுந்தான் இருக்கு, ஊர் இல்லை. அதுவும் காரணப் பெயரோ?" வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரை இழந்த பெயருக்கு இலக்கணம் வகுக்க நன்னூலாரால் இயலாது. போய்த்தான் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

ஆவணி விடுமுறையில், வேண்டிய அனுமதிகளைப் பெற்றுக்கொண்டு, பதினான்கு மாணவரும் இரண்டு ஆசிரியருமாகப் புறப்பட்டோம். வழிகாட்ட ஒரு முதியவர் வந்தார். அந்தக் குளத்தடியில் பிறந்து, அங்கேயே கமம் செய்து, 1997 இல் 'ஜயசிக்குறு' என்ற இராணுவ நடவடிக்கை கண்டி வீதியை நெருப்பாக்கியபோது பெட்டி படுக்கையோடு வெளியேறியவர். குளத்தின் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. எழுதினால் அது அந்தக் குளத்தின் கதையாக மட்டும் நின்றுவிடும். அதுபோன்ற நிலையில் எத்தனையோ குளங்கள் கிடக்கின்றன.

வீதியை விட்டிறங்கியதும் முதலில் தரவை. கோடையில் காய்ந்து பொன்னிறமாகிய புல்வெளி; இடையிடையே முட்பற்றைகள். பிறகு பற்றைக்காடு. அதன் பின்னர் பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கிய பெருங்காடு. காட்டு வாசலில் முதியவர் ஒரு பச்சைக் குழையை முறித்து மரக்கிளையில் செருகினார். காட்டுக்குள் போகிறவன் பிள்ளையாருக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டுமாம். மாணவர்களும் ஆளுக்கொரு குழை செருகினார்கள். நாம் பகுத்தறிவு பேசுகிறவர்; ஆயினும் அன்று நாமும் ஒரு குழை முறித்தோம். அடுத்த திருப்பத்தில் யானை இலத்தி ஈரமாய்க் கிடந்தது.

குளம் என்று அவர் காட்டிய இடத்தில் முதலில் எமக்குக் குளம் தெரியவில்லை. ஒரு நீண்ட மண்மேடு; அதன்மேல் எமது இடுப்பளவு பருத்த மரங்கள். மேட்டின் ஓரிடத்தில் முறிப்பு. அதற்கப்பால், பரந்த பள்ளத்தின் நடுவே, வகுப்பறைகள் நாலைந்தின் அளவுக்குத் தண்ணீர் ஆம்பல் இலைகளோடு மிஞ்சிக் கிடந்தது. சேற்றிலே மானின் குளம்புத் தடங்கள், பன்றி கிண்டிய குழிகள், யானையின் பாதம் பதிந்து நீர் ஊறிய வட்டங்கள். கரையில் நின்ற கொக்குகள் எம்மைக் கண்டு எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுகரையில் இறங்கின.

"இஞ்ச பாருங்கோ மாஸ்ரர், இதுதான் துருசு" என்று முதியவர் கொடியை விலக்கினார். கல்லடுக்கு ஒன்று தெரிந்தது. கட்டு, துருசு, கலிங்கு, வாய்க்கால், வயல் என்று அவர் கைத்தடியால் காட்டக் காட்ட, காட்டுக்குள்ளிருந்து ஒரு ஊர் எழுந்து வந்தது. மழை குறைந்த கோடையில் குளத்தின் அடியைத் தோண்டிக் குடிநீர் எடுத்த பூவல் எங்கே இருந்தது என்பதையும் காட்டினார். பிறகு, நீரேந்து பக்கமாகத் திரும்பி, தண்ணீர் வந்து முட்டும் மேற்கரையைச் சுட்டினார். வன்னியில் அதற்கு அலைகரை என்று பெயர்.

"கட்டில மரம் நிக்கக் கூடாது, வேர் போய்க் கட்டைப் பிளந்துபோடும். அலைகரையில மரம் இல்லாமல் இருக்கக் கூடாது. மண் வந்து குளத்தைத் தூர்த்துப்போடும், காத்து வந்து தண்ணியைக் குடிச்சுப்போடும். இது ரெண்டும் தெரிஞ்சால் குளம் தெரிஞ்ச மாதிரி."

சூழலியல் பற்றி நாம் படித்த நூல்கள் பல. அவற்றின் சாரத்தை இத்தனை சுருக்கமாக எவரும் எமக்குச் சொன்னதில்லை.

வன்னியின் சிறுகுளங்கள் தனித்தனியானவை அல்ல. ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மாரிமழையை ஒரு குளம் ஏந்துகிறது. நிறைந்தால் வான் பாய்ந்து கீழ்க்குளத்துக்குக் கொடுக்கிறது. மேல்வயலின் கழிவுநீரும் அதிலேயே சேர்கிறது. இலங்கையின் உலர் வலயத்தில் வழங்கும் இந்தத் தொடர்குள முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. நாம் நின்ற குளத்தின் மிகுநீர் ஓடைகளின் வழியே கனகராயன் ஆற்றைச் சேர்கிறது. அந்த ஆறு இரணைமடுவை நிரப்பி, அதற்கப்பால் சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கிறது. 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தச் சுண்டிக்குளத்துக்குப் பூநாரைகள் வருகின்றன. காட்டுக்குள் ஒரு கமக்காரன் அடைத்த கட்டுக்கும் கடலோரத்துப் பூநாரைக்கும் இடையே நீர் இழுத்த ஒரு கோடு இருக்கிறது. அதை மாணவர்கள் மணலில் வரைந்து பார்த்தார்கள்.

குளங்கள் காடானது இது முதல்தடவை அன்று. 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூல், அன்றைய வன்னியின் குளங்களையும் மெலிந்துபோன ஊர்களையும் விரிவாகப் பதிவுசெய்கிறது. அதற்கு முன்னரே, 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலத்தை, மறுதலையாக நிறுவப்படும்வரை, முடிக்குரியதென்று கொள்ளச் சொன்னது. உழைத்தவன் காய்ச்சலாலோ போராலோ சிலகாலம் விலகியிருந்தால், அவன் நிலம் காடாகும்; காடானது அரசுடையதாகும். பின்னர் 1902 இல் இரணைமடு வேலை தொடங்கியது. அதனோடு கிளிநொச்சி வளர்ந்தது. பெருங்குளங்கள் திருத்தப்பட்டன, காட்டுக்குள் கிடந்த சிறுகுளங்கள் பல மறக்கப்பட்டன.

அப்புறம் வந்தது எமது தலைமுறையின் கதை. 2009 சனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டு போரில் ஓர் ஆயுதமாக உடைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தது. வற்றிய குளத்தைவிட்டுப் பறக்கும் பறவை உறவாகாது, குளத்தோடே வாடும் கொட்டியும் ஆம்பலும் நெய்தலுமே உறவு என்று ஔவையாரின் மூதுரை சொல்லும். அதை ஆண்டுதோறும் படிப்பிக்கிறோம். ஆனால் குளம் வற்றாமலே துரத்தப்பட்டவனை எந்தப் பக்கத்தில் வைப்பது? பறந்து போனான், ஆனால் வேர் இங்கேயே கிடந்தது. எம்மோடு வந்த முதியவர் அப்படிப்பட்டவர்.

திரும்பும் வழியில், பழைய வயலின் ஓரத்தில், எல்லைக் கல் ஒன்றைக் கண்டோம். கல்லுக்கு அப்பால் வன ஒதுக்கு. போரின் பின்னர் வன்னியில் பல காணிகள் வன ஒதுக்கென அறிவிக்கப்பட்டமையும், அவற்றுள் தம் வயல்களும் குளங்களும் அடங்கிவிட்டன என்று மக்கள் முறையிட்டுவருவதும் யாவரும் அறிந்ததே. மாணவரிடையே வாக்குவாதம் மூண்டது. காட்டை வெட்டி ஊரை மீட்கவேண்டும் என்றான் ஒருவன். யானை எங்கே போகும் என்றாள் ஒருத்தி. முதியவர் கல்லின்மேல் கையூன்றி நின்றார். "எனக்கு முழுக் காடும் வேண்டாம் பிள்ளையள். கட்டில நிக்கிற மரத்தை மட்டும் எடுக்க விடட்டும். அலைகரை மரத்தை நாங்களே காப்போம்" என்றார். வரைபடத்தில் ஒரே பச்சையாய்த் தெரியும் நிலத்தில், எந்த மரம் எங்கே நிற்கவேண்டும் என்று அறிந்தவரை வெளியே நிறுத்திவிட்டுக் காட்டைக் காப்பது எப்படி?

எமது கட்டுரை இங்கேயே முடிந்திருக்கலாம். முடிய விடவில்லை, அதுவரை பேசாது வந்த ஒரு மாணவன். "ஐயா, இந்தக் குளத்துக்குக் கீழ எங்கட ஆக்களுக்கும் காணி இருந்ததோ?" என்று முதியவரிடம் கேட்டான்.

அவனுடைய பூட்டனார் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களுள் ஒருவர். 1977 கலவரத்தின் பின் வன்னிக்கு ஓடிவந்தவர். முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இருந்தவை தம்பி. வேலை செய்தவை. காணி இல்லை" என்றார். பொய் சொல்லாத அந்த மனிதரை நாம் மதிக்கிறோம்.

எமக்கோ முகம் சுண்டிவிட்டது. எமது பாட்டனாருக்கும் வேறொரு குளத்தின் கீழ் வயல் இருந்தது. அங்கே காடு வெட்டியவர்களும், அருவி வெட்டியவர்களும், சூடு மிதித்து எமது களஞ்சியத்தை நிரப்பியவர்களும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களே. அவர்களுக்குக் குடிசை போட மேட்டுநிலம் கிடைத்தது. குளத்துநீரில் பங்கு கிடைக்கவில்லை. அவர்கள் தேநீர் குடிப்பதற்கென்று வேலிக்கரையில் கவிழ்த்து வைத்திருந்த தனிப் பேணியைச் சிறுவயதில் நாம் கண்டிருக்கிறோம். அதை ஏன் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று நாம் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கேள்வியை முப்பது வருடங்கள் பிந்தி எமது மாணவன் கேட்டிருக்கிறான்.

குளங்களை மீட்போம் என்கிறோம். யாருக்காக? பழைய உறுதிகளின்படி பழைய பெயர்களுக்கே நீர் திரும்புமானால், முறிந்த கட்டை அடைத்திருப்போம். முறிந்த நீதி அப்படியே கிடக்கும். வழி இல்லாமலும் இல்லை. தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் இரணைமடுவின் கமக்காரர் கூட்டங்கூடி, இருக்கும் நீருக்கு இத்தனை ஏக்கர் என்று கணித்து, விதைப்பைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பற்றாக்குறையில் பங்கிடத் தெரிந்த கமக்காரனுக்கு, அந்தக் கூட்டத்தில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்காரத் தெரியாமற் போகாது. ஆனால் அது தானாக நிகழாது, கேட்டுப் பெறவேண்டும்.

அடுத்த வாரம் வகுப்பில் மாணவர்கள் ஒரு பெரிய தாளில் தாம் கேட்டறிந்த குளங்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார்கள். பெயர், அதன் காரணம், கட்டின் நிலை, வயல் வைத்திருந்தோர் என்று நான்கு நிரல்கள். அந்த மாணவன் வந்து, அடிமட்டத்தை வைத்து, ஐந்தாவது கோடொன்று இழுத்தான். அதன் தலைப்பில் 'வேலை செய்தோர்' என்று எழுதினான்.

அந்த நிரலை நிரப்ப இப்பொழுது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறோம்.