நடுக்கோட்டுக்குச் சற்று மேலே

ரோமன் ஜக்கீவும் சோ-யங் பையும் 2003-இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டில் ஓர் உறுப்பைக் கூட்டினார்கள்: தீட்டா என்ற புலத்தைப் பாண்ட்ரியாகின் அடர்த்தியால் பெருக்கி வருவது. இடம் வலம் என்று பேதம் பார்க்கும் வளைவை அளப்பது அந்த அடர்த்தி. தீட்டாவுக்கென்று இயக்கச் சமன்பாடு கிடையாது. அது காலத்தோடு சீராக வளரும் என்று கையால் எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான்.

நாம் எழுதிவைத்த புலம் நாம் சொன்னபடி கேட்கும் என்றுதான் மாணவனாக நானும் நினைத்தேன். திருத்திய சமன்பாட்டுக்கு டைவர்ஜென்ஸ் எடுத்துப் பாருங்கள். ஐன்ஸ்டைன் டென்சர் பியாங்கி முற்றொருமையால் மறையும். பொருளின் ஆற்றல்-உந்த டென்சர் அழிவின்மையால் மறையும். தாளில் மிஞ்சுவது தீட்டாவின் சரிவும் பாண்ட்ரியாகின் அடர்த்தியும் சேர்ந்த ஒரு பெருக்கல். அது பூச்சியமாக வேண்டும். சரிவு பூச்சியமல்ல, நாமே வைத்தது. ஆகவே அடர்த்திதான் மறைய வேண்டும், எல்லாப் புள்ளியிலும். நாம் எழுதாமல் விட்ட சமன்பாட்டை வடிவியல் தானே எழுதிக்கொள்கிறது. எத்தனை முறை போட்டாலும் இந்த வரியில் எனக்குச் சிலிர்க்கும்.

சுழலாத ஷ்வார்ஸ்சைல்ட் கருந்துளை இதில் எளிதாகத் தேறிவிடும். சுழலும் கெர் கருந்துளையில்தான் சறுக்கினேன். கணக்கு நீளம் என்று நடுக்கோட்டுத் தளத்தில் மட்டும் போட்டேன். பூச்சியம் வந்தது. ஓடிப்போய் நெறியாளரிடம் நீட்டினேன். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அங்கே கண்ணாடிச் சமச்சீரே பூச்சியமாக்கிவிடும்ப்பா. கொஞ்சம் மேலே ஏறிப் பார்.”

ஏறினேன். சுழல் அச்சிலிருந்து அளக்கும் கோணத்தின் கொசைன் ஒரு காரணியாக வெளியே வந்து நின்றது. மேலே கிடைத்த மதிப்பே கீழே எதிர்க்குறியோடு வந்தது. தொலைவில் தூரத்தின் ஏழாம் அடுக்கில் தேய்கிறது, ஆனாலும் பூச்சியமல்ல. கெர் இந்தக் கோட்பாட்டின் தீர்வே அல்ல! அப்படியானால் இங்கே கருந்துளை எப்படிச் சுழலும் என்று 2008-இல் குரூமில்லரும் யூனெஸும் தனிக் கட்டுரையே எழுதினார்கள்.

ஈர்ப்பலைகளிலோ வேகம் ஒளியின் வேகம்தான், மாறுவதில்லை. இடம் சுழலும் அலைக்கும் வலம் சுழலும் அலைக்கும் செறிவு மட்டும் வேறாகிறது. அளந்து பார்க்கத் தக்க இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே இத்தனை ஆண்டுகளாக இதை விடாமல் பிடித்திருக்கிறேன்.

இப்போது மாணவர்கள் புதுத் தீர்வோடு வந்தால் நான் முதலில் கேட்பது, முப்பது பாகையில் போட்டுப் பார்த்தீர்களா என்றுதான்.