கட்டைக் கிட்டாரும் ஜாஸ் இசையும்

காஞ்சிபுரம் என்ற மாத்திரத்தில் கோயிற் கோபுரங்களும் பட்டுச் சேலைகளும் அன்பர்களின் நினைவிற்கு வருதல் இயல்பே. அந்நகரின் பிள்ளையார்பாளையத்தில், தறியோசை ஓயாத தெருவொன்றிற் பிறந்த யாம், அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் என்னும் இசையை மின்சாரக் கிட்டாரில் பயின்று வருகிறோம் என்று சொன்னால், நகைப்பவர் சிலர். எமக்காக வருந்துபவர் சிலர். இவ்விரு திறத்தாருக்கும் யாம் செய்வது இன்னதெனக் கூறுவான் வேண்டி இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலாவது, வாத்தியத்தின் இயல்பைக் கூறுவாம். வீணைக்குக் குடமுண்டு, தம்புராவிற்கும் அஃதுண்டு, மாதாகோயிலில் வாசிக்கும் சாதாரணக் கிட்டாருக்கு வயிறு போன்றதொரு பெட்டியுண்டு. எம் கிட்டாருக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை. அது முழுக்கட்டை. தந்திகளின் கீழ்க் காந்தமும், அதனைச் சுற்றி மயிரினும் நுண்ணிய செப்புக் கம்பிச்சுருளும் உள. எஃகுத் தந்தி அதிருங்கால் அச்சுருளில் சிறு மின்னோட்டம் எழும். அதனைக் கருவி பெருக்கி ஒலியாக்கும். பெட்டியுடைய கிட்டாரை இவ்வாறு பிணைத்து உரக்க வாசித்தால், வெளிவரும் ஓசையே பெட்டியை மீண்டும் அதிரச் செய்து ஊளையிடுவதுண்டு. கட்டைக்கு அத்தொல்லை மிகக் குறைவு. நாதமும் நெடுநேரம் நிற்கும். மின்சாரம் பிணைக்காமல் மீட்டினால், பக்கத்தில் உறங்குபவரும் விழிப்பதில்லை. ஒரே அறையில் தறியும் பாயும் கிடக்கும் எம் போன்றோர் வீட்டிற்கு இதனினும் இசைந்த வாத்தியம் வேறில்லை.

ஜாஸ் குழுக்களில் கிட்டார் நெடுங்காலம் தாளத்திற்குத் துணைசெய்யும் பணிப்பெண்ணாகவே இருந்தது. 1939-ஆம் ஆண்டில் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞர், மின்சாரக் கிட்டாரைக் கொண்டு, ஊதுகருவிக்காரரைப் போலவே தனித்துக் கற்பனை செய்து வாசித்துக் காட்டினார். 1942-இல், இருபத்தைந்து வயதிலேயே, அவர் மறைந்தார். அவர் வாசித்தது பெட்டியுள்ள கிட்டார். முழுக்கட்டைக் கிட்டாரை லியோ பெண்டர் என்பார் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கியது 1950-இல் ஆகும். ஜாஸ் வித்துவான்களிற் பலர் அதனை விரும்பினாரல்லர். ஓசை கூர்மையானது, அஃது ஆரவாரப் பாட்டுக்கே ஏற்றது என்றனர். ஆயினும் கனடா தேசத்து எட் பிக்கர்ட் அதே கட்டைக் கிட்டாரில் பஞ்சு போன்ற மெல்லோசை எழுப்பிப் புகழெய்தினார். கழுத்துப் பக்கத்துக் காந்தத்தைத் தெரிந்து, கூரிய ஓசையைத் தணிக்கும் திருகைச் சிறிது திருப்பி, தடித்த தந்தி பூட்டி, கை அடக்கி மீட்டினால் அவ்வோசை ஒருவாறு கிட்டும். கை அடக்கம்தான் கடினம். மற்றவை காசு கொடுத்தால் வரும்.

நம் சங்கீதத்தில் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டால் அதன் எல்லைக்குள் நின்று மனோதர்மம் செய்கிறோம். ஜாஸிலும் மனோதர்மமே உயிர். ஆனால் ஆங்குக் காலின் கீழுள்ள தரையே நகர்ந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு கட்டமோ முப்பத்திரண்டு கட்டமோ உடைய ஒரு வட்டம் திரும்பத் திரும்பச் சுழல, கட்டத்திற்குக் கட்டம் அடியிலுள்ள சுரக்கூட்டு மாறும். முன் கட்டத்தில் இனித்த சுரம் அடுத்த கட்டத்தில் கசக்கலாம். வாசிப்பவன் அம்மாற்றத்தை முன்னரே உணர்ந்து, அதற்கேற்பத் தன் சொல்லை அக்கணமே புனைதல் வேண்டும்.

இஃது அந்நியம் என்பாருக்கு ஒரு சொல். முத்துசுவாமி தீட்சிதர் எம் ஊரிற் சில ஆண்டு தங்கி, ஏகாம்பரநாதர்மீது கிருதி இயற்றியவர். ஐரோப்பிய மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்தவரும் அவரே. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றார். இன்று பிடிலில்லாத கச்சேரி அரிது. உ. சீனிவாஸ் என்னும் சிறுவர் கட்டை மாண்டலினை ஏந்திச் சென்னை மேடையேறியபோதும், அதிற் கமகம் வாராது என்றே பெரியோர் ஐயுற்றனர். இணையிணையான எட்டுத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகள் ஐந்தே பூட்டிய அவர், 1983-இல் பெர்லின் நகரத்து ஜாஸ் விழாவிலேயே வாசித்தார். 2014-இல் அவர் காலமானமை பேரிழப்பு. கிட்டாரிலோ, எம் ஊருக்கு மேற்கே இராணிப்பேட்டையில் வளர்ந்த பிரசன்னா உளர். கர்நாடக இசையையும் ஜாஸையும் ஒருங்கே கைக்கொண்ட அவர், 2010-இல், அக்காலத்துக் காஞ்சிபுரம் மாவட்டக் கடலோரத்தில், இவ்விசைகளைக் கற்பிக்கும் சுவர்ணபூமி இசைக்கூடத்தைத் தோற்றுவித்தார். ஆகவே இவ்வட்டாரத்தில் ஜாஸ் கேட்டவர் எவருமிலர் என்று கூறுதல் பொருந்தாது.

நிற்க. எம் இல்லத்து நிலையைக் கூறாது விடின் இக்கட்டுரை பாதிப் பொய்யாகும். எம் தந்தையார் நெய்வது கோர்வைச் சேலை. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாதலின் மூன்று நாடாக்கள் ஓடும். ஒருவராற் செய்தல் அரிது. வலப்பக்கம் அவரும் இடப்பக்கம் உதவியாளும் இருந்து, ஒவ்வோர் இழையிலும் கரையையும் உடலையும் கோத்தல் வேண்டும். பன்னிரண்டு வயது முதல் அவ்விடப்பக்கம் எம்முடையது. யாம் கிட்டாரோடு அமரும் மாலைதோறும் வேற்றாளுக்குக் கூலி தரவேண்டும். அது தந்தையார் பெறும் கூலியினின்றே போகும். விசைத்தறிப் போலிகள் மலிந்த இந்நாளில் அக்கூலியும் பெரிதன்று. ஆதலின் எம் பயிற்சி ஒவ்வொரு நாழிகையும் விலைபெற்றது என்பதை யாம் மறந்ததில்லை.

தந்தையார் இசையை வெறுப்பவரல்லர். வைகாசிக் கருடசேவையில் நாகசுரத்தின் பின்னே விடியுமளவும் நடப்பவர். லயத்திற் சிங்கமெனப் பெயர்பெற்ற காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையைக் குறித்துத் தம் பாட்டனார் கூறியவற்றை இன்றும் சொல்வார். எம் வாசிப்பைக் கேட்டு அவர் முதலில் வினவியது, “தம்பி, இது ஏன் ஒரு ராகத்தில் நில்லாமல் ஓடுகிறது?” என்பதே. நிறம் மாறினாலும் சேலை ஒன்றுதானே என்றோம். அவ்விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. உண்மையில் அது நல்ல விடையுமன்று.

ஒருநாள் இரவு, அவர் ஜரிகைக் கண்டு பிரித்துக்கொண்டிருக்க, யாம் ஒரு வட்டத்தின் இறுதியில் ஐந்தெண்ணிக்கைச் சொற்கட்டை மும்முறை அடுக்கி, அடுத்த வட்டத்தின் முதலடியில் வந்து விழும்படி பழகிக்கொண்டிருந்தோம். அவர் கை நின்றது. மிதிகட்டையிற் கால் வைத்து மெல்லத் தட்டி எண்ணினார். “இது கோர்வையல்லவா?” என்றார். மிருதங்கக்காரர் சொல்லும் கோர்வையும் அவர் தறியிற் கோக்கும் கோர்வையும் ஒரே சொல்லென்பது அவ்விரவு வரை எமக்குத் தோன்றியதில்லை. “கம்பியைச் செருகி வாசி, காதில் விழவில்லை” என்றார். அம்மா உறங்குகிறார்களே என்றதற்கு, விழித்தால் விழிக்கட்டும் என்றார்.

வரும் சித்திரையில் எம் பட்டப்படிப்பு முடிகிறது. அதன்பின் தறிக்கா, சென்னைக்கா என்பது முடிவாகவில்லை. இடப்பக்கத்திற்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஆளைத் தந்தையார் பேசி வைத்திருக்கிறார். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை.