"ஈஸி"ன்னா யாருக்கு ஈஸி?

செமஸ்டர் லீவுக்கு இமயமலை போகலாம்னு உங்க ஹாஸ்டல் ரூம்லயும் இந்நேரம் ஒரு பிளான் ஓடிக்கிட்டு இருக்கும். அப்படின்னா, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

நான் ராசிபுரத்துக்காரன். போன டிசம்பர்ல நானும் ரூம்மேட்டும் உத்தரகாண்ட்ல இருக்கிற கேதார்காந்தா போனோம். உச்சி 12,500 அடி, அதாவது 3,810 மீட்டர். எந்த வீடியோவைப் பார்த்தாலும் "புதுசா போறவங்களுக்கு ஏத்தது, ஈஸி" என்றுதான் இருந்தது. அவன் காலேஜ் கபடி டீம். நான் மூணாவது மாடி லேப்புக்கு லிஃப்ட்ல போற ஆளு. யாருக்குக் கஷ்டமா இருக்கும்னு எல்லாரும் என்னைத்தான் கலாய்ச்சாங்க.

பயிற்சிக்குக் கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போனோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அவன் பேசிக்கிட்டே ஏறினான், எனக்கு நாக்கு தள்ளிடுச்சு.

நாம இன்ஜினியரிங் ஆச்சே, கணக்கும் போட்டேன். 1892ல நைஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு விதி சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோட, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். கடைசி கேம்ப்பிலிருந்து உச்சிக்கு சுமார் 3 கிலோமீட்டர் தூரம், 380 மீட்டர் ஏற்றம். கணக்குப்படி ஒண்ணேகால் மணி நேரம். "அவ்வளவுதானாடா?"ன்னு சிரிச்சோம். நிஜத்துல எனக்கு நாலு மணி நேரம் ஆச்சு. அந்த விதியில பனி இல்லை, இருட்டு இல்லை, முக்கியமா காற்றழுத்தம் இல்லை.

மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனா அழுத்தம் குறையுது. 12,500 அடியில கடல் மட்டத்தோட ஒப்பிட்டா மூணுல ரெண்டு பங்குகூட இல்லை. அதனால ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கிற ஆக்சிஜனும் அதே அளவு குறையும். உடம்பு இதுக்குப் பழக நாள் ஆகும். 3,000 மீட்டருக்கு மேல, தூங்குற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்கன்னு டாக்டர்கள் சொல்றது இதுக்குத்தான். நாங்க 1,950 மீட்டர்ல இருக்கிற சாங்க்ரி கிராமத்திலிருந்து ரெண்டே நாள்ல சுமார் 3,400 மீட்டர் கேம்ப்புக்குப் போயிட்டோம்.

அன்னைக்கு ராத்திரி அவன், "மச்சான், தலை பிளக்குதுடா, சாப்பாடே இறங்கல"ன்னான். "சும்மா குளிர்தான்டா, தூங்கு, சரியாயிடும். கைடுகிட்ட சொன்னா உன்னை மேல விடமாட்டாங்க"ன்னு சொன்னேன். இந்தக் கட்டுரையை எழுதுறதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அவனும் சொல்லல. வீட்டுல கேட்டு வாங்கிக் கட்டின பணம், உச்சியில எடுக்கப்போற போட்டோ, எல்லாம் அவன் வாயையும் அடைச்சிடுச்சு.

விடிகாலை மூணு மணிக்கு எழுந்தவன் வாந்தி எடுத்தான். நேரா நிக்க முடியாம தள்ளாடினான். கைடு டார்ச் அடிச்சுப் பார்த்தார், விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டினார், ஒரு வார்த்தைகூட வாதாடாம உடனே ஒரு ஆளைத் துணைக்குப் போட்டு அவனைக் கீழே அனுப்பிட்டார். நான் மேலே போனேன். ஆமா, போனேன். உச்சியில சூரியன் வந்தப்போ எல்லாரும் கத்தினாங்க, எனக்குக் கத்த வரல.

மத்தியானம் 9,100 அடியில ஜூடா கா தாலாப் ஏரிக்கரை கேம்ப்புக்கு இறங்கினப்போ அவன் உட்கார்ந்து மேகி சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். உயரம் குறைஞ்சதும் தலைவலி விட்டுடுச்சாம். "உச்சி எப்படிடா இருந்துச்சு?"ன்னு கேட்டான். அதுக்கு மட்டும் இன்னும் சரியான பதில் சொல்லல.

உடற்தகுதி இருந்தா நடக்கிறது சுலபம். ஆனா உயர நோய் யாருக்கு வரும்னு கபடி பார்த்துத் தீர்மானிக்கிறதில்லை. வேகமா ஏறுறவனுக்கு ஆபத்து ஒருபடி அதிகம்தான். எங்க ஊர்லயே போதமலை இருக்கு. ரொம்ப காலம் சாலை இல்லாம, ரேஷன் அரிசியத் தலையில சுமந்துகிட்டு ஏறின மக்கள் அவங்க. அவங்களுக்கு அது தினசரி வழி, நமக்கு ட்ரெக்கிங். "ஈஸி" என்கிற வார்த்தை மலையைப் பத்தி மட்டும் சொல்றது இல்ல.

அதனால, கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீங்க. எத்தனை நாள்ல எவ்வளவு உயரம், ஒவ்வொரு ராத்திரியும் எங்க தூக்கம்னு ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. நடுவுல ஒரு நாள் ஓய்வு இருக்கான்னு கேளுங்க. இறங்குறதுக்கும் பயிற்சி எடுங்க. ஆகாய கங்கையில முதல்ல இறங்கி அப்புறம் ஏறுவோம், அங்க ஏறிக் களைச்ச முட்டியோட இறங்கணும். மாத்திரை போடுறதா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க.

கூட வர்றவன் தலைவலின்னு சொன்னா, அந்த நிமிஷமே எழுந்துபோய் கைடை எழுப்புங்க. அவன் வேண்டாம்னாலும் எழுப்புங்க. திட்டுவான், பரவாயில்லை.

அடுத்த வருஷம் ரெண்டு பேரும் மறுபடி போறோம். இந்தத் தடவை ஒரு நாள் கூடுதலா.